மந்திரி வீட்டு ஒழுகல்

வெகு காலத்துக்கு முன்னால் பூங்கரை நாட்டை உத்தண்ட ராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு என்று இருப்பவர். ஒன்றில் மட்டும் மாறவே மாட்டார். மாதம் ஒருமுறை மந்திரி திருமேனிநாதர் வீட்டுக்குப் போய் மோர்க்குழம்பு சாப்பிட்டே ஆகவேண்டும்.

இது அரண்மனை மராமத்து அதிகாரி கோதண்டத்துக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தெற்கு வீதியில் அவர் வீடு மூன்று கட்டு, தூணுக்குத் தூண் யாளி. பன்னிரண்டு வருஷமாக ராஜா அந்த வாசற்படியை மிதித்ததில்லை. மந்திரியோ தரகர் பேச்சை நம்பிப் பழைய ஓட்டு வீட்டை வாங்கி மாட்டிக்கொண்டவர். "நல்லாக் காத்து வரும் வீடுங்க" என்றாராம் தரகர். மழையும் வரும் என்று சொல்லவில்லை.

'அந்தப் பொந்துக்குள்ளே போய்த்தானா உட்காரவேண்டும்?' என்று கோதண்டம் தினமும் புழுங்குவார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ராஜா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மேலிருந்து ஒரு சொட்டு மோர்க்குழம்பில் விழுந்தது. அடுத்தது அவர் மூக்கில் விழுந்தது.

"என்னய்யா மந்திரி! கூரையைக் காக்கத் தெரியாதவர் என் நாட்டை எப்படிக் காப்பீர்?" என்று பாதியில் எழுந்துவிட்டார். மறுநாள் சபையிலேயே சொன்னார்: "கார்த்திகைத் தீபத்தன்று மறுபடி வருவேன். ஒரு சொட்டு விழுந்தாலும் மந்திரி பதவி கோதண்டத்துக்கு!"

கோதண்டத்துக்கு வாயெல்லாம் பல். "கவலையே வேண்டாம் மந்திரியாரே, ஆட்களை நானே அனுப்புகிறேன்" என்று தேனாகப் பேசினார்.

ஊரிலுள்ள கொத்தனார், ஆசாரி அத்தனை பேரும் அவர் கைக்குள். மேஸ்திரி மாடப்பன் ஆட்களோடு வந்தான். பாதி ஓட்டைப் பிரித்தான், ஏணியைச் சாத்தினான், "நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடுறோம் சாமி" என்று போனான். போனவன் போனவன்தான். ஆள் அனுப்பிக் கேட்டால், ஓடு இன்னும் சூளையில் இருக்கிறது என்பான். ஓடு வந்தால் அதைத் தாங்கும் கைமரம் உளுத்திருக்கிறது என்பான். கைமரம் வந்தால் ஆசாரியின் மச்சினனுக்குக் கல்யாணம். ஒரு இடத்தில் ஒழுகிய வீடு ஏழு இடத்தில் ஒழுகியது.

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மந்திரி சபையில் கோதண்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு உதவி ஐயா. இனிமேல் ஆட்களை அனுப்பிவிடாதீர்கள். அந்த ஒழுகல் அப்படியே இருக்கட்டும்."

"ஏன்?"

"சும்மாதான்" என்று சிரித்துக்கொண்டே மந்திரி போய்விட்டார்.

அந்தச் 'சும்மாதான்' கோதண்டத்தைத் தூங்கவிடவில்லை. மாடப்பனை வேவு பார்க்க அனுப்பினார்.

"ஒழுகுற இடத்துல எல்லாம் செப்புக்குடம் வெச்சிருக்காருங்க. குடத்துக்கு மஞ்சள், குங்குமம், பூவெல்லாம் உண்டு. சேர்ந்த தண்ணியக் கீழ ஊத்தல. பத்திரமாக் கொல்லைப் பக்கம் எடுத்துட்டுப் போறாரு."

"எதற்கு?"

"கேட்டேன். சும்மாதான்னாரு."

கோதண்டம் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். நேற்றுத்தான் மந்திரி மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் முடிந்தது. போன வாரம் மந்திரியின் பழைய இருமல் நின்றது. இத்தனைக்கும் காரணம் அந்தத் தண்ணீர்தானோ!

"அவர் கூரை ஒழுகினால் பதவி உங்களுக்குத்தானே? பேசாமல் இருங்களேன்" என்றாள் அவர் மனைவி வடிவு.

"உனக்கு ஒன்றும் தெரியாது! ஒழுகலைத் தொடாதே என்று பதவி போகப்போகிறவன் கெஞ்சுகிறான் என்றால், பதவியைவிடப் பெரியது எதுவோ அவனுக்குச் சொட்டுகிறது. அது அவனுக்கு மட்டும் சொட்டுவதா?"

மறுநாளே நாற்பது ஆட்கள் மந்திரி வீட்டுக் கூரையில் ஏறினார்கள். "வேண்டாம், வேண்டாம்!" என்று மந்திரி கீழே நின்று கையை ஆட்ட ஆட்ட வேலை வேகமாக நடந்தது. நான்கே நாளில் புதுக் கைமரம், புது ஓடு. ஒரு ஈ நுழைய இடமில்லை.

அதே கையோடு அந்த ஆட்கள் தெற்கு வீதிக்கு வந்து கோதண்டத்தின் வீட்டுக் கூரையில் ஏழு இடத்தில் ஓடுகளை உருவினார்கள். கீழே ஏழு வெள்ளிக்குடம், மஞ்சள், குங்குமம், பூ. வடிவு தலையில் அடித்துக்கொண்டாள்.

கார்த்திகைத் தீபத்தன்று மழை கொட்டியது. மந்திரி வீட்டில் ராஜா மூன்று முறை மோர்க்குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். இலையில் ஒரு சொட்டு விழவில்லை.

"பலே! யார் வேலை இது?"

"எல்லாம் கோதண்டம் செய்தது பிரபு. நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை."

"அப்படியா! வாருங்கள், இப்போதே அவர் வீட்டுக்குப் போய் நம் கையால் சால்வை போர்த்துவோம்."

பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த வாசற்படியை ராஜா மிதித்தார். உள்ளே ஏழு குடமும் நிரம்பி வழிந்து, முற்றம் எது கூடம் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டாவது குடம் தேடிக்கொண்டிருந்தார். ராஜா அண்ணாந்து பார்த்தார். சொட்டு நேராக மூக்கில் விழுந்தது.

"மராமத்து அதிகாரி வீட்டிலேயே இப்படியா?"

கோதண்டத்துக்கு அழுகை முட்டியது. "மந்திரி வீட்டில் மட்டும் இருக்கலாம், என் வீட்டில் இருக்கக்கூடாதா பிரபு?"

"எது?"

"ஒழுகல்!"

ராஜா திரும்பி மந்திரியைப் பார்த்தார். மந்திரி நடந்ததைச் சொன்னார். "குடத்துக்குப் பூ வைத்தேன், சும்மாதான் என்றேன், அவ்வளவுதான். மீதியெல்லாம் அவரே நினைத்துக்கொண்டது."

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்: "கோதண்டம்! இந்த மழைக்காலம் முடியும்வரை ஊரில் யார் வீடு ஒழுகினாலும் நீரே ஏணி ஏறி ஓடு மாற்றவேண்டும். மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"ஒரு சட்டம் போதும் பிரபு. பிரித்த கூரையை மூடாமல் எந்த ஆளும் அடுத்த வீட்டு ஏணியில் கால் வைக்கக்கூடாது."

அன்றைக்கே பறையறைந்தார்கள். ஊரே மந்திரியை வாழ்த்தியது.

சால்வை மந்திரியின் தோளுக்குப் போனது. அவர் புறப்படும்போது கோதண்டம் அருகில் வந்து காதோடு கேட்டார்: "உண்மையைச் சொல்லும். அந்தத் தண்ணீரை என்னதான் செய்தீர்?"

"கொல்லையில் அவரைக் கொடிக்கு ஊற்றினேன்."

கோதண்டம் தலையாட்டினார். மறுநாள் ஏணி ஏறித் தன் கூரையில் ஆறு ஓட்டையை அடைத்தார். ஏழாவதை அடைக்கவில்லை. அதற்கு நேர் கீழே குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அவரை விதை எங்கே கிடைக்கும் என்று வடிவிடம் கேட்டார்.