விழுந்த இடம்

பழனி மலைச் சரிவில் இருக்கிற கூழாங்காட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட நான்கு வழிகள் உண்டு. கோயில் வழி, ஓடை வழி, செக்போஸ்ட் வழி, சவுக்குத்தோப்பு வழி. எதில் போனாலும் மலை ஏறித்தான் ஆக வேண்டும். ஏறியதையெல்லாம் இறங்கித்தான் வீடு வந்து சேர வேண்டும்.

இந்த நான்கிலும் பதினாறு வருஷமாகத் தபால் பையோடு சைக்கிள் மிதிப்பவர் அமலோற்பவம். ஊருக்கு அவர் அமலா. வயது முப்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் சைக்கிள்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், மலையில் ஏறவும் இறங்கவும் சொல்லித் தருவார். பத்துப் பேர் சேர்ந்தார்கள். முதல் மாத ஏற்றத்திலேயே மூன்று பேருக்கு ஞாயிறுதோறும் வேறு வேலை வந்துவிட்டது. ஏழு பேர் மிஞ்சினார்கள்.

அந்த ஏழு பேரில் மூத்தவர் கனகசபை. வயது அறுபத்தொன்று. ஊர் உயர்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். உடம்பில் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் சைக்கிள் வாங்கினார். பாதி ஊரைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்த மனிதர், தபால்காரம்மா முன்னால் கை கட்டி நின்று பாடம் கேட்பது ஊருக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது.

அமலா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. தபால் ஆபீஸ் ஜன்னல் கம்பியில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கும். யார் எங்கே விழுந்தாலும் அன்றைக்கே வந்து அதில் எழுத வேண்டும். 'செக்போஸ்ட் வழி. பாலம் தாண்டி, இடது ஓரம். எருமைச் சாணி.' கீழே பெயர். இவ்வளவுதான். ஞாயிறு காலை எல்லோரும் அதைப் படித்த பிறகுதான் புறப்படுவார்கள். நோட்டில் அதிகம் வருகிற பெயர் அமலாவுடையது, இருபத்து மூன்று முறை. கனகசபையின் பெயர் ஒருமுறைகூட இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஒளிப்பானேன்.

கார்த்திகை மாதத்துக் கடைசி வியாழக்கிழமை காலை, தனியாக ஓடை வழியில் இறங்கி வந்தவர் ஏழாவது வளைவில் விழுந்தார்.

காபி பழுக்கும் காலம் அது. மேலே ஏதோ ஒரு தோட்டத்தில் பழம் கழுவின தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். அது ரோட்டின் குறுக்கே மெல்லிசாக ஓடியது. பார்த்தால் பனி ஈரம் மாதிரி இருந்தது. தொட்டால் வெண்டைக்காய் நறுக்கின கை மாதிரி கொழகொழத்தது. வெயில் ஏறினால் காய்ந்துபோகும், தடமே இருக்காது.

எழுந்து உட்கார்ந்த கனகசபை முதலில் முழங்காலைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து, கொய்யா மரத்தில் உரசிக்கொண்டதாக மனைவியிடம் சொன்னார். வெள்ளியும் சனியும் தபால் ஆபீஸ் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிறு காலை அதே வளைவில் காஜா மைதீன் விழுந்தார்.

காஜா ஊரின் தையல்காரர். வலது பக்கம் காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையைத் தூக்கக்கூடாது என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பதினொரு நாள். மலைக்கிராமத்துச் சட்டை, பாவாடை எல்லாம் அவர் கடையில் துணியாகவே அடுக்கிக் கிடந்தன. காஜாவைத் தூக்கிவிட்டவர்கள் ரோட்டில் இருந்ததைப் பனி ஈரம் என்றுதான் நினைத்தார்கள். காஜாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அமலா பத்து மணிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ரோடு காய்ந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை கனகசபை தையல் கடைக்குப் போனார். காஜா கையைத் துணித் தூளியில் போட்டுக் கழுத்தோடு கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தைக்க முடியாவிட்டாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாராம்.

"வாங்க சார். சளி எப்பிடி இருக்கு?"

கனகசபை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்பிடிப்பா விழுந்தே?"

"அதான் சார் தெரியல. என் வேகந்தான். அமலாக்கா எத்தன தடவ சொல்லிருக்கு, வளைவுக்கு முன்னாலயே பிரேக்கப் பிடின்னு. கேட்டாத்தானே."

"நோட்டுல எழுதுனியா?"

"எதனாலன்னு தெரிஞ்சாத்தானே எழுத? கைய வேற இப்பிடிக் கட்டிப் போட்டுட்டாங்க. நீங்க டீ சாப்பிடுங்க சார்."

அந்த டீ அவருக்கு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் காஜா, "சூடா இருக்கா சார்?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டார்.

நான்கு நாள் அவருக்குச் சோறு ருசிக்கவில்லை. தன்னிடம் படித்த பையன் ஒருவன் இப்படி மறைத்திருந்தால் என்ன செய்திருப்பார்? பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லி, எழுதி வாங்கியிருப்பார். அந்தப் பழக்கத்திலேயே சனிக்கிழமை காலை உட்கார்ந்து எழுதினார். மூன்று பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது போல் இருந்தது.

அன்று சாயங்காலம் தபால் ஆபீஸில் அமலா தனியாக இருந்தார். அன்றைய தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கனகசபை தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"உக்காருங்க சார்."

"நிக்கிறேன். படிங்க."

அமலா படித்தார். அவசரமே படவில்லை. முதல் பக்கம் முடிந்ததும் தலை நிமிர்ந்தார்.

"முட்டி ஆறிருச்சா?"

"அது கெடக்கு. மேல படிங்க."

"காட்டுங்க."

வேறு வழியில்லாமல் வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். காயம் நன்றாகக் காயவில்லை. அமலா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு களிம்பு டியூபை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு இரண்டாவது பக்கத்தைப் படித்தார். மூன்றாவதையும் படித்தார்.

"கையெழுத்து இன்னும் அப்பிடியே முத்து முத்தா இருக்கு சார்."

"அமலா, நான் பண்ணது சின்னத் தப்பு இல்ல. ஒரு வரி எழுதியிருந்தா காஜா எலும்பு தப்பிச்சிருக்கும். நான் விழுந்தது எங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போயிருமோன்னு கூசிட்டேன். ஹெட்மாஸ்டரே சறுக்கி விழுந்தாராமேன்னு பசங்க பேசுவாங்கன்னு பயந்துட்டேன்."

"ம்."

"சைக்கிள யாருக்காச்சும் குடுத்துடறேன். இனிமே வரல. அதையும் எழுதியிருக்கேன்."

"படிச்சேன் சார்."

"அப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க. எந்தத் தண்டனையா இருந்தாலும் சரி."

அமலா மூன்று தாளையும் தட்டிச் சேர்த்தார். தபாலை மடிக்கிற மாதிரி மூன்றாக மடித்து அவரிடமே நீட்டினார்.

"இது காஜாவுக்குப் போற கடுதாசி. வெலாசம் மாறி என்கிட்ட வந்திருக்கு. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க."

கனகசபை வாங்கிக்கொண்டார். "குடுக்கறேன். இப்பவே போறேன். உங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அமலா எழுந்து போய் ஜன்னலில் கட்டியிருந்த நோட்டை அவிழ்த்து வந்தார். புதுப் பக்கம் புரட்டி, பேனாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

கனகசபை கடைசியில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்து, 'நான் செய்த மன்னிக்க முடியாத தவறினால்' என்று ஆரம்பித்தார். அமலா அந்த வரிமேல் விரலை வைத்து நிறுத்தினார்.

"சார், மூணு பக்கம் எழுதுனீங்க. எந்த வளைவு, எதுல சறுக்குச்சுன்னு அதுல எங்கயாவது இருக்கா?"

கனகசபை தாள்களைப் பிரித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேடினார். 'என் தவறு' என்று ஒன்பது இடத்தில் இருந்தது. ஏழாவது வளைவு ஓரிடத்திலும் இல்லை. காபித் தண்ணீர் இல்லை. ஓடை வழி என்றுகூட இல்லை.

அவர் முகம் வாடிப்போனது. "ஆனா என் தப்புன்னு எல்லாருக்கும் தெரியணும்ல, அமலா?"

அமலா அவருடைய வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பேனாவை அவர் விரலுக்குள் திரும்ப வைத்தார்.

"நாளைக்கு விடிஞ்சதும் அஞ்சு பேரு அந்த வழியா எறங்கப் போறாங்க சார். யாரு தப்புன்னு படிச்சுட்டு ஒருத்தரும் பிரேக் பிடிக்க மாட்டாங்க. எடத்த எழுதுங்க."