சாவு வீட்டு விளையாட்டு

"எந்திரிலே, பொணமே!"

வேதமாணிக்கம் பிரம்பை ஓங்கினார். மண்ணில் மல்லாந்து கிடந்த இருளப்பன் துள்ளி எழுந்து தள்ளி நின்றான். சுற்றி உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கலைந்தார்கள்.

"இப்பத்தான் சார் செத்தேன். இன்னும் தூக்கக்கூட இல்ல."

"விளையாட வேற ஒண்ணும் கெடைக்கலையா? ஊர்ல விழுந்த எழவு பத்தாதா?"

பட்டாசு ஆலை வெடித்ததிலிருந்து அந்தத் தெருப் பிள்ளைகள் இது ஒன்றைத்தான் விளையாடினார்கள். ஒருவன் பிணமாகக் கிடப்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு அடி கட்டி ஒப்பாரி வைப்பார்கள். யாருடைய ஒப்பாரி நன்றாக இருக்கிறதோ, அவர்தான் அடுத்த பிணம்.

வேதமாணிக்கம் டவுனிலிருந்து வருகிறவர். ஓய்வு பெறும்வரை தமிழாசிரியர். அவர் வகுப்பில் பிள்ளைகள் செய்யுள் எழுதியதெல்லாம் தண்டனைக்காகத்தான். தப்பாக ஒப்பித்தால் முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். மரகதம் நடத்தும் மாலை வகுப்பில் பிள்ளைகள் தாங்களே பாட்டுக் கட்டி, யார் முதலில் படிப்பது என்று சண்டை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வந்தவர். மரகதத்துக்கு அவர் மகள் வயது. "உக்காந்து பாருங்க சார்" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லித் தந்ததில்லை.

அவள் வராத ஒரு நாளில் அவரால் சும்மா உட்கார முடியவில்லை. கரும்பலகையில் 'அம்மா' என்று எழுதிப் போட்டார். அதைவிடச் சுலபமான தலைப்பு உண்டா? எல்லோரும் ஏதோ கிறுக்கினார்கள். முனீஸ்வரி மட்டும் வெறும் தாளைக் கொடுத்தாள். சோம்பல் என்று நினைத்து வெளியே முட்டி போட வைத்தார்.

"அவ அம்மா பயராபீஸ் வெடிச்சதுல செத்துப் போயிருச்சு சார்" என்று இருளப்பன் சொன்னபோது வகுப்பு முடிந்திருந்தது.

அன்றிலிருந்து முனீஸ்வரி தினமும் வருவாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே வரமாட்டாள். யாரோடும் பேசமாட்டாள். இப்போதும் அங்கேதான் நின்றாள்.

சத்தம் கேட்டு மரகதம் வெளியே வந்தாள்.

"ஏன் சார் கலைச்சுவிட்டீங்க?"

"அபசகுனம் டீச்சர். அதுவும் இந்த ஊர்ல."

"சரி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புள்ளையப் பாத்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. என்ன பாட்டுச் சொல்லிக் குடுத்தா வாயைத் தொறக்கும்? நிலாவா, மழையா? ஒண்ணு சொல்லுங்க. அழகா எழுதிப் போட்டுடறேன்."

மரகதம் தரையைக் காட்டினாள்.

"படுங்க."

"என்னது?"

"இருளப்பன் எந்திரிச்சுட்டான். எடம் காலியாக் கெடக்கு."

"நான் வயசானவன் டீச்சர். என்னைப் போயி..."

"அதான் சொல்றேன். பொருத்தமா இருக்கும்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா சோறு போட மாட்டா."

"செத்தவருக்குச் சோறு எதுக்கு சார்?" என்றான் இருளப்பன். "வாய்க்கரிசி போதும்."

மரகதம் சிரிக்கவில்லை. காத்திருந்தாள். வேதமாணிக்கம் பிரம்பைச் சுவரில் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். முட்டியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்து, படுத்தார். மண்ணில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

"கண்ணை மூடுங்க சார். பொணம் முழிக்குது."

மூடினார். கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு ஒரு குரல் இழுத்தது.

"சாக்பீசு தேயாமக் கெடக்குதே
சாரு மட்டும் தேஞ்சு போனாரே..."

"முட்ட மார்க்கு இனி யாரு போடுவா
முட்டி போடச் சொல்லி யாரு வைவா..."

"பெரம்பெடுத்த கையி ரெண்டும்
பேச்சில்லாமக் கெடக்குதையா..."

சிரிப்பும் மாரடியும் கலந்து கேட்டன. மூடிய கண்களுக்குள் வேதமாணிக்கம் அடிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தார். மோனை தானாக விழுந்திருந்தது. இதைச் சொல்லிக் கொடுக்க அவர் எத்தனை கைகளை வீங்க வைத்திருக்கிறார்.

திடீரென்று சிரிப்பு நின்றது. யாரோ வாசலிலிருந்து நடந்து வரும் சத்தம். அவர் இதுவரை கேட்டிராத ஒரு குரல், ராகமில்லாமல், பாடம் சொல்வது போலச் சொன்னது.

"மூட்டையாக் கட்டிக் குடுத்தாகளே
மொகம் எந்தப் பக்கமுன்னு சொல்லலையே."

யாரும் மாரடிக்கவில்லை. இருளப்பன் மூக்கை உறிஞ்சினான். குரல் இப்போது இன்னும் கிட்டத்தில் வந்தது. ராகம் வந்திருந்தது.

"வளவியப் பாத்து அம்மான்னாகளே
வளவி எங்கம்மா போடலையே..."

ஒரு பிள்ளை மெல்ல மாரில் தட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லோரும். முனீஸ்வரி அதே அடிகளைத் திரும்பச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை மாற்றினாள்.

வேதமாணிக்கத்தின் கண்ணோரத்தில் வழிந்தது காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கக் கூடாது என்று தோன்றியது. உதட்டை மட்டும் அசைத்தார்.

"டீச்சர்."

மரகதம் அவர் தலைமாட்டில் குனிந்தாள்.

"நான் எந்திரிச்சுக்கறேன். அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"செத்தவருக்கு என்ன சார் அவசரம்?" என்றாள் மரகதம்.

அவர் அப்படியே கிடந்தார். முனீஸ்வரியின் குரல் தலைமாட்டைவிட்டுக் கால்மாட்டுக்குப் போய்விட்டிருந்தது. பாடியபடியே யாரோ சடையை அவிழ்க்கும் சரசரப்பு. சின்ன விரல்கள் அவருடைய வலது கால் பெருவிரலைப் பிடித்தன. ரிப்பன் ஒரு சுற்று சுற்றியது.

வேதமாணிக்கம் இடது காலை நகர்த்தி, அதனோடு சேர்த்து வைத்தார்.