தன் திதிக்குத் தானே வந்தவர்

ரொம்ப காலத்துக்கு முன்னே செங்கழுநீர் நாட்டைக் கோதண்டவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலை முதல் மாலை வரை பாட்டுக் கேட்டுத் தலையாட்டினார் என்பதுதான் உண்மை. அதிலும் நொச்சிக்கரைத் திருமேனிநாதர் இயற்றிய ‘கரை தெரியாக் கடலிலே ஓடம் விட்டேன்’ என்ற கீர்த்தனையைக் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

அதைப் பாடுகிறவர் ஆஸ்தான வித்துவான் கேதாரநாத பாகவதர். “பன்னிரண்டு வருஷம் அந்த மகானின் காலடியில் கிடந்தேன், பிரபு. ஆறடி உயரம், பொன்னிற மேனி. ஆகாரம் பசும்பால் மட்டும். ஒரு சித்திரை மாதம் என் கண்ணெதிரே ஜோதியில் கலந்துவிட்டார்” என்பார். ராஜா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதிலிருந்து சித்திரைக்குச் சித்திரை மகானுடைய திதியில் அரண்மனையில் ஆராதனை நடக்கும், ஊருக்கே விருந்து நடக்கும்.

அந்தப் பாட்டில் ஒரு விசேஷம். பல்லவி முடிந்ததும் பாகவதர் கண்ணை மூடி, இடது கையைத் தூக்கி வீசி, “ச்சூ… ச்சூ… போ” என்று இழுப்பார். “இது ரகசிய மந்திரம், பிரபு. மகான் மாயையை விரட்டுகிறார்” என்று சொல்லி, அதற்கு நாற்பது ஓலையில் உரையும் எழுதிவைத்திருந்தார். அந்த இடம் வந்தால் சபை மொத்தமும் இடது கையை வீசும். ராஜாவும் வீசுவார். மந்திரி சிற்றம்பலம் மட்டும் வீசிக்கொண்டே புருவத்தைச் சுளிப்பார்.

ஏழாவது வருஷ ஆராதனையன்று காலையில் குட்டையாக, கறுப்பாக, தொப்பையும் வாய் நிறைய வெற்றிலையுமாக ஒரு மனிதர் சபைக்குள் வந்தார்.

“இங்கே யாருக்குத் திதி?”

“மகான் திருமேனிநாதருக்கு” என்றார் மந்திரி.

“அது நான்தான். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.”

சபை வாயைப் பிளந்தது. வந்தவர் ராஜாவைக் கும்பிட்டார். “மகாராஜா, நான் இன்னும் சாகவில்லை. வீட்டில் என் சம்சாரம் தையல்நாயகி நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருக்கிறாள். நீங்கள் எனக்குத் திதி கொடுக்கிறீர்கள். ‘அரண்மனையில போய்ச் சொல்லிட்டு வாங்க, இல்லாட்டி சோறு கிடையாது’ என்று துரத்திவிட்டாள்.”

பாகவதர் பதறி எழுந்தார். திருமேனிநாதரை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை. பாகவதர் அனுப்பிய சீடன் ஒருவன் நொச்சிக்கரையில் மகான் வீட்டு மதில்மேல் எட்டிப் பார்த்து, ஒரே நாளில் பாடம் பண்ணிக்கொண்டு வந்த பாட்டு அது. இந்த மனிதர் உயிரோடிருந்தால் பாகவதர் பிழைப்புப் போய்விடும்.

“பிரபு, இவன் போலி. மகான் எங்கே, இந்தத் தொப்பை எங்கே? பசும்பால் குடித்த வாயிலா இத்தனை வெற்றிலை?”

“பாடட்டும், தெரிந்துவிடும்” என்றார் ராஜா.

வந்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாடினார். சபை உருகியது. பல்லவி முடிந்தது. எல்லோரும் இடது கையைத் தூக்கினார்கள். அவரோ நேராக அனுபல்லவிக்குப் போய்விட்டார். அத்தனை கைகளும் அந்தரத்தில் நின்றன.

“ச்சூ எங்கே?” என்றார் ராஜா.

“எந்தச் ச்சூ?”

“பார்த்தீர்களா பிரபு, மந்திரமே தெரியவில்லை” என்று பாகவதர் குதித்தார்.

ராஜாவின் மீசை துடித்தது. “மகான் பெயரைத் திருடிய இவனை மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, நாடு கடத்துங்கள். இனி இவன் அந்தப் பாட்டை வாயால் சொல்லக் கூடாது.”

கழுதைக்கு அவர் பயப்படவில்லை. “என் பாட்டை நான் பாடக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார்.

சிற்றம்பலம் எழுந்தார். “பிரபு, கழுதையைப் பிடித்து வரவே நேரமாகும். அதுவரை ஒரு கேள்வி. ஐயா, இந்தப் பாட்டு எங்கே பிறந்தது?”

“எங்கள் வீட்டுக் கொல்லையில். நல்ல கோடை. தையல்நாயகி வடகம் காயப்போட்டு, ‘பார்த்துக்குங்க’ என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனாள். நான் பாட்டில் உட்கார்ந்துவிட்டேன்.”

“வடகம் தப்பியதா?”

“பாதி தப்பியது. மீதிப் பாதிக்கு இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன்.”

மந்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பிரபு, நம் மடப்பள்ளி முற்றத்திலும் வடகம் காய்கிறது. அங்கே உட்கார்ந்து இன்னொரு தரம் பாடட்டும்.”

சபையே முற்றத்துக்கு நகர்ந்தது. கோலோடு காவலிருந்த ஆளை மந்திரி சத்தமில்லாமல் அனுப்பிவிட்டார். திருமேனிநாதர் வடகத் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையால் தொடையில் தாளம் போட்டுப் பாடினார். பாடப் பாட உலகத்தை மறந்தார்.

காக்கைக்குத் தாளம் தெரியுமா? அனுபல்லவி நடுவிலேயே ஒன்று துணியில் வந்து இறங்கியது. அவர் பாட்டை நிறுத்தவில்லை, வலது கையும் தாளத்தை விடவில்லை. இடது கை தானாக உயர்ந்து வீசியது. “ச்சூ… ச்சூ… போ.” அதே இழுப்பு, அதே வீச்சு. அடுத்த அடியைத் தாளத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

பழக்கதோஷத்தில் சபை மொத்தமும் கையை வீசியது. தூக்கிய கையோடு ராஜா காக்கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு பாகவதரைப் பார்த்தார்.

“மாயை அதோ, வேப்பமரத்தில் உட்கார்ந்திருக்கிறது பிரபு” என்றார் சிற்றம்பலம்.

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். “ஏழு வருஷமாகக் கண்ணீர் விட்டுக் காக்கை விரட்டியிருக்கிறேன். பாகவதரே, நாற்பது ஓலையா எழுதினீர்?”

பாகவதர் காலில் விழுந்து, சீடன் மதிலேறிய கதையைக் கக்கிவிட்டார். கழுதை என்னவோ வந்து தயாராக நின்றது. ஆனால் திருமேனிநாதர் குறுக்கே வந்தார். “வேண்டாம், மகாராஜா. தப்பாகப் பாடினாலும் ஆசையாகப் பாடியிருக்கிறார்.” அதனால் அந்தக் கோடை முழுக்க மடப்பள்ளி வடகத்துக்குப் பாகவதர் காவல் என்று தீர்ப்பானது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. திருமேனிநாதர் கேட்டு வாங்கியது ஒரு கூடை வடகம், அந்தப் பழைய பாதிக்கு ஈடாக.

திதிச் சமையல் பிறந்தநாள் விருந்தாக மாறியது. சாயங்காலம் சபையில் திருமேனிநாதர் அதே பாட்டைப் பாடினார். பல்லவி முடிந்தது. ராஜாவின் இடது கை பாதி எழுந்து நின்றது.

“ஐயா, அந்த இடம் இல்லாமல் பாட்டு மொட்டையாக இருக்கிறதே” என்றார் ராஜா, கெஞ்சுகிற குரலில்.

திருமேனிநாதர் யோசித்தார். “அப்படியானால் ஒரு காக்கையைப் பிடித்து வரச் சொல்லுங்கள், மகாராஜா” என்றார்.