பொந்துக்குள் இரைத்த குஞ்சு

மலைக்காட்டில் ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் பெண் இருவாச்சிப் பறவை தன் குஞ்சோடு அடைபட்டுக் கிடந்தது. வெளியே ஆண் இருவாச்சி அத்திப்பழத்துக்கு அலைந்துகொண்டிருந்தது.

பெண்ணை யாரும் பிடித்து அடைக்கவில்லை. இருவாச்சிகளின் வழக்கமே அதுதான். முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விடும். உள்ளே அதன் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. ஆண்தான் பிளவு வழியாக ஊட்ட வேண்டும்.

இந்தத் தடவை பிறந்த குஞ்சுக்கு மூச்சு இரைத்தது. கர்ர், கர்ர் என்று மரத்தடி வரைக்கும் கேட்டது.

காடே திரண்டு வந்து விசாரித்தது. முட்டையாக இருந்தபோது இடிச்சத்தம் பட்டிருக்கும் என்றது அணில். தன் சித்தி பிள்ளைக்கும் இப்படித்தான் இரைத்தது, கொஞ்ச நாள்தான் இருந்தது, செத்துப்போய்விட்டது என்றது கிளி. ஆறுதல் சொல்லத்தான் வந்ததாம். புத்திமதி நிறைய வந்தது. பழம் ஒன்றுகூட வரவில்லை.

ஆணுக்கு மனசு விட்டுப்போனது. இன்னொன்றும் அதை அரித்தது. முன்பெல்லாம் பழத்தோடு வந்தால் பெண்ணின் மூக்கு பிளவில் நீட்டிக்கொண்டு தயாராக இருக்கும். இப்போது கூப்பிட்டு, காத்திருந்து, அப்புறம்தான் வருகிறது. அவளும் கைவிட்டுவிட்டாள் என்று ஆண் நினைத்தது.

அந்த நேரம் பார்த்து மரநாய் வந்தது. எத்தனையோ தடவை அந்தப் பூச்சைச் சுரண்டிப் பார்த்துத் தோற்றுப்போன மரநாய்.

"மாப்ளே, பிள்ளைக்குச் சீக்கு ஒண்ணும் இல்லை. உள்ளே காத்து இல்லை, அவ்வளவுதான். சுவரை உடைச்சு விடு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனது.

மரநாய் எப்படிப்பட்டது என்று ஆணுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உள்ளே கர்ர், கர்ர். அந்தச் சத்தம் கேட்கும்போது யார் என்ன சொன்னாலும் வைத்தியமாகத்தான் தோன்றும். ஆண் கொத்தத் தொடங்கியது. பூச்சு பெயர்ந்து விழுந்தது.

"என்ன பண்றே?" என்றது பெண் உள்ளே இருந்து.

"பிள்ளைக்குக் காத்து வேணும்."

"காத்து இருக்கு. நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்கிப் பிளவுலதான் வெச்சிருக்கேன். நீ வந்தா அவனை இறக்கிவிட்டுட்டுத்தான் நான் மூக்கை நீட்டணும். அதான் நேரமாகுது. உடைக்கச் சொல்லி யார் சொன்னா?"

ஆண் கொத்துவதை நிறுத்தியது. அதற்குள் மேல்கிளையில் பதுங்கியிருந்த மரநாய் பாய்ந்து வந்து ஓட்டைக்குள் முன்னங்காலை விட்டது.

நகம் குஞ்சைத் துழாவியது. பெண்ணுக்குப் பறக்கச் சிறகில்லை, ஓட இடமில்லை. குஞ்சை வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டு அந்தக் காலை மூக்கால் கவ்வியது. விடவே இல்லை. வெளியே ஆண் மரநாயின் முகத்தில் திரும்பத் திரும்பக் கொத்தியது. மரநாய் அலறிக்கொண்டு காலைப் பிடுங்கி, பிடி தவறிக் கீழே விழுந்தது.

செத்துப்போகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டே ஓட்டையைப் பார்த்தது.

பொந்துக்குள் சத்தமே இல்லை. இரைப்பு நின்றுபோயிருந்தது.

ஆண் இத்தனை நாள் எந்தச் சத்தத்தை வெறுத்ததோ அதற்காகவே ஓட்டையில் தலையைச் சாய்த்துக் கிடந்தது.

கர்ர்.

"இருக்கான்" என்றது பெண். "நின்னுக்கிட்டு இருக்காதே. மண் கொண்டா."

ஆண் ஓடைக்கரை ஈரமண்ணை மூக்கில் அள்ளி வந்தது. பெண் உள்ளிருந்து வாங்கிப் பூசியது. மரநாய் ஏறிய போதெல்லாம் ஆண் கொத்தி விரட்டியது. பூச்சு காய்ந்து கெட்டியான பிறகுதான் மரநாய் நொண்டிக்கொண்டு போனது.

அதற்கப்புறம் ஆண் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பழம் கொண்டுவந்தது. இரைப்பைக் கேட்டது. அடுத்த பழத்துக்குப் போனது.

மற்ற பொந்துகளின் குஞ்சுகள் எல்லாம் பறந்துபோய் வெகுநாள் கழித்து இந்தக் குஞ்சு வெளியே வந்தது. பக்கத்துக் கிளை வரைக்கும் பறந்தது. உட்கார்ந்து இரைத்தது.

"இன்னும் இரைக்குதே?" என்றது கிளி.

"இரைக்குது. பறக்கவும் செய்யுது" என்றது ஆண். "பழம் இருந்தா கொடுத்துட்டுப் போ."

பிள்ளையின் நோய் தீருமா என்று ஊரைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இன்றைக்கு அதற்கு என்ன வேண்டுமோ அதைச் செய்துகொண்டே இருங்கள், நம்பிக்கை அதிலிருந்துதான் வரும்.