முப்பத்தேழாம் எல்லைக்கல்

பனிமலைகள் சூழ்ந்த பெரிய தேசியப் பூங்கா ஒன்றின் எல்லையில், ஒரு மலையடி ஓடைக்கரையில் ஒரு கல் நின்றிருந்தது. அந்த மலையிலிருந்தே வெட்டிய கல்தான். வெள்ளையடித்து, 37 என்று எண் எழுதி நட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'இங்கிருந்து கல், மண் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது.' வருகிறவர்கள் படித்தார்களோ இல்லையோ, எல்லைக்கல் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

ஓடைக்குள் கூழாங்கற்கள் உருண்டு வெளியே போய்க்கொண்டே இருந்தன.

"நில்லு. எங்கே கிளம்பிட்டே?"

"கடலுக்கு, முப்பத்தேழு அண்ணே."

"பலகையைப் படிக்கலையா?"

"எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? நான் என் பாட்டுக்குப் போறேன்" என்று சிரித்தது ஒரு சிவப்புக் கூழாங்கல். பிறகு மலையைத் திரும்பிப் பார்த்து, "வர்றேம்மா" என்றது.

"வர்றியாம். மலையேறித் திரும்பின கல்லை எவன் பார்த்தான்? போறேன்னே சொல்லேன்."

"வீட்டை விட்டுக் கிளம்பறப்போ அப்படிச் சொல்லலாமா அண்ணே?"

அது போய்விட்டது. எல்லைக்கல்லுக்கு மனசு ஆறவில்லை. இப்படி ஒவ்வொன்றாய்ப் போனால் ஒருநாள் மலையே இருக்காதே. "ஒரு வார்த்தை தடுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டது. மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

அந்த வருஷம் ஒன்பது நாள் மழை விடவில்லை. பத்தாம் நாள் காலை மலையின் விலா சரிந்தது. பிளந்த பாறைக்குள், கடலை மிட்டாயில் கடலை போல, உருண்டைக் கற்கள் நெருக்கமாய்ப் பதிந்திருந்தன. அத்தனையும் வழுவழுப்பு. தண்ணீரில் வெகுதூரம் உருண்ட கல்லுக்குத்தான் அந்த வழுவழுப்பு வரும். எல்லைக்கல்லுக்கு அது தெரியாதா?

"இதெல்லாம் யாரும்மா?"

"எனக்கு முன்னே இங்கே வேறொரு மலை இருந்துச்சு," என்றது மலை. "அதுகிட்ட வர்றேன்னு சொல்லிட்டுப் போனதுங்க. கடலடியில கிடந்து, இறுகி, திரும்பி எழுந்து வந்துச்சுங்க. அதைத்தான் நீ மலைங்கிறே."

எல்லைக்கல்லின் காலடி மண்ணை ஓடை அரித்துக்கொண்டிருந்தது. பலகை முந்தின நாளே போய்விட்டது. கல் மெல்லச் சாய்ந்தது. பிடித்துக்கொள் என்று கத்த வாயெடுத்தது. பிறகு மனசை மாற்றிக்கொண்டது.

"வர்றேம்மா."

வெள்ளையும் எண்ணும் ஓடையின் முதல் வளைவிலேயே கரைந்தன.

"அவசரமில்லை," என்றது மலை. "மெதுவா வா."