கலியமூர்த்தி சாருக்குக் கிடைத்த சொல்

தன் கையால் பிரம்படி வாங்கிய பையனையே 'சாமி' என்று கும்பிட வேண்டிய காலம் கலியமூர்த்தி சாருக்கு வந்தது. கொள்ளிடக் கரையில் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் மடம் வைத்திருந்த அந்தச் சாமியின் பள்ளிக்கூடப் பெயர் அய்யாக்கண்ணு. ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை விட்டு விட்டே சாரின் பிரம்பைத் தேய்த்தவர்.

சாரைப் பார்த்ததும் சாமி பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார்.

"வாங்க சார்."

"நான் இப்போ சார் இல்ல சாமி. சீடனா வந்திருக்கேன்."

"சரிங்க சார்" என்றார் சாமி.

மற்ற மடங்களில் மந்திரம் கொடுப்பார்கள். இங்கே கொடுப்பது ஒரு சொல். வந்தவர் எந்தத் தொழிலில் ஊறியவரோ அதிலிருந்தே எடுத்துக் கொடுப்பார் சாமி. அதன் பொருளைக் காலையில் வந்து வாயால் சொல்ல வேண்டும். சரியாக அமையும்வரை வேறு பாடம் கிடையாது. ஆயுசெல்லாம் ஆங்கிலம் நடத்திய சாருக்கு ஆங்கிலச் சொல்லே வந்தது. குவெய்ல்.

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காடையா சாமி? பொரிச்சுத் தின்ன பொருள் தெரியும்."

"காடை இல்ல சார். வினைச்சொல்."

சிரிப்பு அப்படியே நின்றது. வினைச்சொல்லாக வந்தால் அதற்குத் தைரியம் இழப்பது என்று பொருள். எத்தனையோ சொல் இருக்க இதை ஏன் எடுத்தார்? யாராவது சொல்லியிருப்பார்களோ? சொல்ல யாருக்கும் தெரியாதே.

போன ஆவணியில் சாரின் மனைவி அமிர்தவல்லி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மத்தியான நேரம். சாரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போயிடாதீங்க, பயமா இருக்கு" என்றாள். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு சார் வெளியே வந்தார். டீக்கடைக்கும் போகவில்லை. அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை. மருந்து பாட்டிலை மாற்ற நர்ஸ் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஓசூரிலிருந்து அலறிக்கொண்டு வந்த மகள் பூங்கோதை, "அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள். "உன் பேரைச் சொல்லிக்கிட்டே போனாம்மா" என்றார் சார்.

பூங்கோதை அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்துக் கிடந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் சொல்லும்போதெல்லாம் சாருக்குச் சோறு தொண்டையில் நின்றது. உண்மையைச் சொன்னால் இருக்கிற ஒரே பெண்ணும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சொல்லாவிட்டாலோ இந்தச் சோறு இறங்காது. வருஷத் திதிக்கு அவள் வரும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சார் பொருள் சொன்னார்.

"கோழையாதல்."

"இன்னும் கொஞ்சம் பாருங்க சார்."

"தொடை நடுங்குதல்."

"இன்னும் கொஞ்சம்."

"புறமுதுகு காட்டி ஓடுதல்" என்று அடுத்த நாள் சொன்னபோது சாரின் குரல் யாரையோ திட்டுவதுபோல் இருந்தது.

"நாளுக்கு நாள் அந்தச் சொல்லை அடிக்கிறீங்களே சார். அது என்ன தப்பு பண்ணுச்சு?"

சார் கூடவே கொண்டுவந்திருந்த தடி அகராதியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்று உச்சிவெயிலில் மடத்துத் தோட்டத்துப் பக்கம் போனவர் பதறினார். முந்தின சாயங்காலம் சாமி நட்ட கத்தரி நாற்று மொத்தமும் தலை தொங்கிக் கிடந்தது. செத்துவிட்டது என்று முடிவு கட்டி, சாமிக்கு வேலை மிச்சமாகட்டும் என்று வரிசையாகப் பிடுங்கி வரப்பில் போட்டார். பாதிக்கு மேல் பிடுங்கிய பிறகு சாமி வந்தார்.

"என்ன சார் இது?"

"எல்லாம் போச்சு சாமி. ஒண்ணும் தேறல."

சாமி ஒரு நாற்றை எடுத்து வேரைத் தடவிப் பார்த்தார். உட்கார்ந்து மறுபடி நட ஆரம்பித்தார். சார் தண்ணீர் மொண்டு வந்தார். பூவரச இலைகளை ஒடித்து ஒவ்வொன்றுக்கும் நிழல் கட்டினார்கள்.

"வளர்ந்த மண்ணை விட்டுப் பிடுங்கி வேற மண்ணுல வெச்சிருக்கோம். வாடாம என்ன சார் பண்ணும்?"

"நான் செத்துடுச்சுன்னு நினைச்சேன்."

"வாடுச்சு. அவ்வளவுதான்."

சாயங்காலம் பிடுங்காமல் விட்ட நாற்றெல்லாம் நிமிர்ந்து நின்றது. சார் பிடுங்கியதில் சிலது பிழைத்தது, சிலது பிழைக்கவில்லை.

போய் அகராதியைத் திறந்தார். வழக்கொழிந்த பொருள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பகுதியை அவர் வாழ்நாளில் படித்ததில்லை. 'பரீட்சைக்கு வராது, தள்ளுங்கடா' என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பார். இப்போது அதைப் படித்தார். மறுநாள் காலை சாமியின் எதிரில் உட்கார்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"எங்கேயிருந்து வந்த சொல்லுன்னு உறுதியா தெரியலையாம். முதல்ல தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சாமி. உடம்பு நலிஞ்சு போறதுக்கும், செடி வாடுறதுக்கும் சொல்லியிருக்காங்க. பால் திரைஞ்சு போறதுக்கும் இதே மாதிரி ஒரு சொல் இருந்திருக்கு."

"தைரியம் எப்போ வந்துச்சு?"

"ரொம்பப் பின்னாடி."

"முதல்ல சீக்கா இருந்தது, அப்புறம் ஏச்சா மாறிப்போச்சு."

"ஆமா சாமி."

சாமி மெதுவாகக் கேட்டார்.

"வாடுனது யாரு சார்?"

சார் அழுதார். பள்ளிக்கூடத்தையே ஒரு பார்வையில் அடக்கிய மனுஷன், பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். சட்டை நுனியைச் சொன்னார், டீயைச் சொன்னார், சுவரைச் சொன்னார், மகளிடம் சொன்ன பொய்யையும் சொன்னார்.

"நான் என்ன பண்ணட்டும்?"

"அது உங்க பொண்ணு சார். நான் எப்படிச் சொல்றது?"

திதியன்று பூங்கோதை வந்தாள். ஆற்றங்கரையில் காரியம் முடிந்து பிண்டம் கரைத்த பிறகு அப்பாவும் பெண்ணும் படியில் உட்கார்ந்தார்கள். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"அப்பா, போறப்போ அம்மா பயந்தாங்களா?"

ஒரு பொய் சாரின் நாக்கு நுனிவரை வந்தது. சுலபமான பொய்தான்.

"எனக்குத் தெரியாதும்மா."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இல்லம்மா. போகாதீங்கன்னு சட்டையைப் பிடிச்சா. விரலைப் பிரிச்சுவிட்டுட்டு வெளிய வந்துட்டேன். அவளை அந்த நிலைமையில பார்க்க என்னால முடியல. நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரியும்."

பூங்கோதை அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ என் பேரு?"

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லியிருப்பா. நான் கேக்கலம்மா."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். சார் தோளைத் தொடப் போனார். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். மடத்தில் இலை போட்டிருந்தும் சாப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பையை வாங்க சார் கையை நீட்டினார், கொடுக்கவில்லை. ரோடு வரை பின்னாலேயே போனார். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்க்காமலே, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்றாள். சார் பஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

மடத்துக்குத் திரும்பியபோது சாமி மோர் கொடுத்தார். சார் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சொல்லிட்டேன் சாமி."

"ம்."

"போயிட்டா. மறுபடி வருவாளான்னு தெரியல."

"தெரியாதுங்க சார்."

வெளியே யாரோ மாட்டை அதட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகுதான், ஒரு வருஷமாக உள்ளேயே கிடந்த கேள்வியை சார் வெளியே எடுத்தார்.

"நான் மட்டும் அன்னைக்கு உள்ளேயே இருந்திருந்தா, அமிர்தம் பயப்படாம போயிருப்பாளா?"

சாமி ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று சாருக்கு அச்சமாக இருந்தது.

"பயந்திருப்பாங்க சார். நீங்களும் பயந்திருப்பீங்க. ரெண்டு பேருமா சேர்ந்து பயந்திருக்கலாம்."