யூதருக்குப் பூசும் மை

பெரிய வெள்ளிக்கிழமை. கடலுக்கு யாரும் போகவில்லை. கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட அறையில், சாயங்காலம் நடக்கப்போகும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்கு வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாடகம் பழக்குகிறவரை அந்தக் கரையில் அண்ணாவி என்பார்கள். கயித்தான் அண்ணாவி அந்த வருஷம் நாடகத்தைத் தன் சீடர் இஞ்ஞாசியிடம் ஒப்படைத்திருந்தார். சீடருக்குத் தலை நரைத்துவிட்டது. குரு அவரைவிட வயதில் இளையவர். அதனால் சீடரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

இஞ்ஞாசிக்கு மனசு சரியில்லை. போன வருஷம், யூதரின் தலைமைக் குருவாக நடித்த சந்தியாகுவின் மேல் கூட்டத்திலிருந்து கல் விழுந்தது. நெற்றியில் தையல் போட்டார்கள். இந்த வருஷமும் அந்த வேஷத்துக்கு அவரைத் தவிர ஆள் கிடைக்கவில்லை. சந்தியாகுவின் மனைவி வாசல் வரை வந்து, இன்னொரு தையல் விழுந்தால் இந்த மனுஷனுக்கு நீங்களே கஞ்சி ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடையைச் சுற்றிக் கயிறு கட்டலாமா, முன்னால் ஆட்களை நிறுத்தலாமா என்று இஞ்ஞாசி குருவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மனசில் இருந்ததையே கேட்டுவிட்டார்.

"சனங்களுக்கு யூதர் மேல ஏன் இவ்வளவு கோபம், அண்ணாவி? அவங்க நமக்கு யாரு?"

"முதல்ல யூதர் எல்லாருக்கும் மை பூசுங்க, அண்ணே. அப்புறம் பேசுவோம்."

விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்த மை. அந்த ஊர் வழக்கப்படி யூதருக்கு அதுதான். மாதாவுக்கும் இயேசுவின் சீடர்களுக்கும் ரோஸ் பவுடர். இஞ்ஞாசி சந்தியாகுவுக்குப் பூசினார். கூட்டமாக நின்று கத்துகிறவர்களுக்கும் பூசினார். முடிந்தது என்றார்.

"இன்னும் யூதர் இருக்காங்களே" என்று அண்ணாவி, சீடர் பேதுருவாக நடிக்கிறவரைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

அவர் சிரித்தார். "நல்லா அப்பிவிடுங்க. ஆண்டவரைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லப்போற ஆளு நான். முகம் தெரியாம இருந்தா சௌகரியம்."

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. அடுத்து யோவானாக நடிக்கிறவர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மாதாவாக நடிக்கிற ரெஜினா. நீல முக்காட்டை ஒதுக்கி, அவள் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். இஞ்ஞாசியின் மை தொட்ட விரல் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

கடைசியாக இயேசுவாக நடிக்கிற மதலைமுத்து. தபசுகாலம் முழுக்க நோன்பிருந்தவர். அண்ணாவி அவரையும் அதே பெஞ்சில் உட்காரவைத்து, சிலுவையில் சொல்லும் ஜெபத்தை உமக்கு யார் சொல்லித்தந்தது என்று கேட்டார். நீங்கள்தான் என்றார் மதலைமுத்து.

"உமக்கு நான். ஆண்டவருக்கு?"

மதலைமுத்து யோசித்தார். "மாதாவா இருக்கும்."

"மாதாவுக்கு?"

"அவங்க அம்மா, அன்னம்மாள்."

"அன்னம்மாளுக்கு?"

மூலையில் முகமெல்லாம் கரியாக நின்ற சந்தியாகு சொன்னார். "வேற யாரு? எங்க ஆளுங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக அடங்கியது.

இஞ்ஞாசி ஒரு துணியை எண்ணெயில் நனைத்து, சந்தியாகுவின் முகத்தைத் துடைத்தார். தழும்பின் மேல் மெதுவாகத் துடைத்தார். பிறகு மற்றவர்களுக்கும். ரோஸ் பவுடர் டப்பாவை யாரும் திறக்கவில்லை.

அன்று கோயில் மணி அடிக்கக் கூடாது. வெளியே மரக்கட்டையைத் தட்டிச் சனங்களைக் கூப்பிட்டார்கள். மணலில் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது.

இஞ்ஞாசி குருவின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கல்லை எடுத்துக்கிட்டு ஒருத்தன் இன்னைக்கும் வருவான், அண்ணாவி. எல்லா முகமும் ஒண்ணு போல இருந்தா, அவன் யார் மேல எறிவான்?"

"கையில கல்லோட கொஞ்ச நேரம் தேடட்டும், அண்ணே" என்றார் அண்ணாவி.